கரையில் இறங்கியவர் கண்டதும் கேட்டதும்

கோடிக்கரை முனையில் சோழநாட்டுக் கடற்கரை மேற்கே திரும்புகிறது. முனைக்கு வடக்கே வங்கக்கடலின் பேரலை. முனையைத் தாண்டினால் பாக் நீரிணையின் அமைதியான, ஆழங்குறைந்த நீர். அலையாத்திக் காடுகளும் உப்பளங்களும் சூழ்ந்த முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் ஆகிய ஊர்களுக்கு முன்னே கடல் சேறுபடிந்து கிடக்கும். தோணிகள் அணையலாம், பெருங்கப்பல்கள் அணைவது அரிது. ஆதலால் தொலைதூர நாடுகளிலிருந்து வந்த பயணிகள் பெரும்பாலும் வடக்கே நாகப்பட்டினம், தரங்கம்பாடித் துறைகளிலோ, தெற்கே பாண்டிநாட்டுத் துறைகளிலோ இறங்கினர்.

எனினும் அயல்நாட்டான் ஒருவன் புது மண்ணில் முதல் அடி வைக்கும் அனுபவம் அதிராம்பட்டினத்தாருக்குப் புதியதன்று. அவர்கள் அதை மறுமுனையில் நின்று அறிந்தவர்கள். கொழும்புக்கும் பினாங்குக்கும் கப்பலேறிச் சென்ற சபராளிகள் அந்த மண்ணின் மழையையும் சோற்றையும் உடையையும் முதலில் கண்டார்கள்; பேச்சுப் பிடிபட்டது பிறகுதான். பேச்சுப் பிடிபடும் முன்னே அந்நாட்டாரைப் பற்றி வீட்டுக்கு எழுதிய செய்திகளில் எவ்வளவு நிலைத்தன, எவ்வளவு மாறின என்பதை ஒவ்வொரு சபராளியும் அறிவார். அவ்வாறே இந்தக் கரைக்கு வந்து முதன்முதலாக நம் மக்களைக் கண்டவர்கள் என்ன எழுதினர், பின்னர் எதை மாற்றிக்கொண்டனர் என்று வினவுவது பயனுடையது.

கண்ணே துணையாக வந்தவர்கள்

வெனிசு நகரத்து மார்க்கோ போலோ சீனத்திலிருந்து பாரசீகத்துக்குக் கடல்வழியே திரும்புகையில், ஏறத்தாழ 1292-இல், இக்கரைக்கு வந்தார். அராபியர் இக்கரையை 'மாபார்' என்றனர். கடந்து செல்லும் இடம் என்பது அதன் பொருள். போலோவின் நூலிலும் அதுவே பெயர். அவர் வாய்மொழியாகச் சொல்ல, 1298-இல் செனோவா நகரச் சிறையில் உடனிருந்த ருசுத்திக்கெல்லோ எழுதியது அந்நூல்.

போலோவை முதலில் தாக்கிய செய்தி உடை. இந்நாட்டில் தையற்காரனுக்கு வேலையே இல்லை என்கிறார். மன்னனும் குடிமகனைப் போலவே இடையில் ஒரு துணி மட்டும் உடுத்திருக்கிறான். ஆனால் அவன் கழுத்தில் தொங்கும் முத்தும் மாணிக்கமும் கோத்த வடத்தில் 104 மணிகள். மக்கள் நாளுக்கு இருமுறை நீராடுகின்றனர். வலக்கையால் மட்டுமே உண்கின்றனர். கலத்தை உதட்டில் படாமல் உயர்த்தி நீரருந்துகின்றனர். அண்ணாந்து நீர் குடிப்பதை இன்றும் நாட்டுப்புறத்து வீடுகளில் காணலாம். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு வெனிசு வணிகர் அதைக் கூர்ந்து நோக்கி நினைவில் வைத்திருந்தார் என்பது வியப்பளிக்கிறது.

கடன் பற்றிய செய்தி இன்னும் சுவையானது. கடன் கொடுத்தவன் பலமுறை கேட்டும் பணம் வரவில்லையெனில், கடனாளியைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் வரைகிறான். கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல், அல்லது பிணை காட்டாமல், அவன் அந்த வட்டத்தைத் தாண்டக் கூடாது. வெளிநாட்டு வணிகர் ஒருவருக்குப் பணம் தரவேண்டியிருந்த மன்னனே குதிரைமேல் இருந்தவாறு இவ்வட்டத்துக்குள் அகப்பட்டு, கடனைத் தீர்த்த பின்னரே நகர்ந்ததைத் தாம் கண்டதாகப் போலோ கூறுகிறார். கோலால் கீறிய ஒரு கோடு மன்னனையும் கட்டுப்படுத்தியது எனில், இந்நாட்டில் எழுதாச் சட்டம் ஒன்று ஆண்டது என்று அவர் முடிவு செய்திருக்கலாம். அவரோ அதை வேடிக்கைச் செய்திகளுள் ஒன்றாகவே சொல்லிக் கடந்துவிடுகிறார்.

கண் கண்டதைக் காது பற்றத் தவறிய இடங்களும் உண்டு. நாள்தோறும் ஒரு குறிப்பிட்ட வேளை ஆகாத வேளை என்றும், அப்போது யாரும் வாங்குதல் விற்றல் செய்யார் என்றும், அந்த வேளை கிழமைக்குக் கிழமை மாறும் என்றும் அவர் எழுதுகிறார். அதற்கு அவர் தரும் பெயர் 'சோயாக்' என்பது போன்ற ஓர் ஒலி. அது தியாச்சியம் என்ற சொல்லின் சிதைவு என்பது 19-ஆம் நூற்றாண்டில் அவர் நூலைப் பதிப்பித்த என்றி யூலின் கருத்து. சுவரில் ஊரும் ஒரு சிற்றுயிர் ஒலியெழுப்பினால் வணிகர்கள் அதைச் சகுனமாகக் கொண்டு பேரத்தை முடிப்பதும் விடுவதும் உண்டு என்றும் போலோ கூறுகிறார். அந்த உயிரை நச்சுச் சிலந்தியைக் குறிக்கும் 'தரந்துலா' என்னும் சொல்லாலேயே அவர் நூல் சுட்டுகிறது. தமிழ் வாசகருக்கு விளக்கம் வேண்டியதில்லை, அது பல்லி.

ஓரிடத்தில் மட்டும் போலோவின் நூலில் இந்நாட்டு மக்கள் வாய்திறந்து விடை சொல்கிறார்கள். நீங்கள் ஏன் தரையில் அமர்கிறீர்கள், மேலான இருக்கை வேண்டாவா என்று கேட்டால், மண்ணிலிருந்து வந்தோம், மண்ணுக்கே திரும்புவோம், ஆகவே மண்ணில் அமர்வது மதிப்புக்குரியதே என்பார்களாம். கேட்டவருக்கும் சொன்னவருக்கும் இடையே எந்தத் துவிபாசி நின்றானோ! அவன் இன்னும் சில வினாக்களைப் பெயர்த்திருந்தால் போலோவின் நூல் வேறாக இருந்திருக்கும்.

அடுத்து வந்தவர் சீன வணிகர் வாங் தாயுவான். 1349-இல் எழுதிய தம் நூலில் அவர் குறித்து வைத்தது ஒரு செங்கற் கோபுரம். 1267-இல் கட்டி முடிக்கப்பட்டது எனச் சீன எழுத்தில் பொறிப்பு இருந்த அக்கோபுரம் நாகப்பட்டினத்தில் நின்ற புத்தக் கோபுரமே என்பது ஆய்வாளர் பலர் துணிபு. நெடுங்கடல் கடந்து வந்தவர் கண்ணில் முதலில் பட்டது தம் நாட்டு எழுத்து! பயணிகளின் கண்ணுக்கு இது இயல்பே.

மொராக்கோ நாட்டு இபுனு பதூதா ஏறத்தாழ 1344-இல் இலங்கையிலிருந்து மாபார் கரை நோக்கி வந்தபோது புயலில் சிக்கினார். கப்பல் ஆழங்குறைந்த நீரில் தட்டி உடையும் நிலை. உடன் வந்தவர்களை முதலில் தெப்பத்தில் அனுப்பிவிட்டு அவர் பின்தங்கினார். மறுநாள் கரையிலிருந்து வந்த உள்ளூர் மக்களே அவரைக் காப்பாற்றிக் கரைசேர்த்தனர். தம்மை மீட்டவர்களின் பேச்சில் ஒரு சொல்லும் அவருக்கு விளங்கியிராது. அரபும் பாரசீகமும் அறிந்த அவருக்குத் தமிழ் தெரியாது. மதுரைச் சுல்தான் கியாசுத்தீன் அவருக்கு மணவழி உறவினர். மூன்று நாட்களில் குதிரையும் ஆட்களும் வந்து அழைத்துச் சென்றனர்.

சுல்தானின் பாசறையில் பதூதா கண்டது கொடுமை. போரில் சிறைப்பட்டோரையும் அவர்தம் மனைவி மக்களையும் கழுவேற்றியதை அவர் மறைக்காமல் எழுதி, பெண்களையும் பிள்ளைகளையும் கொல்வது இழிசெயல் என்று தம் உறவினரான சுல்தானையே கண்டிக்கிறார். நூல் நெடுக அரசர்களின் பரிசுகளை எண்ணி மகிழும் இப்பயணி இந்த இடத்தில் உயர்ந்து நிற்கிறார். பிறகு அவர் 'பத்தன்' என்னும் கடற்கரை நகரை அடைகிறார். பெரிய மரங்களை நட்டு அவற்றின்மேல் எழுப்பிய மேடை துறைமுகத்தில் நின்றதாகவும், அதற்குச் செல்லக் கூரையிட்ட மரப்பாதை இருந்ததாகவும், கல்லால் கட்டிய அழகிய பள்ளிவாசலும் நிறைந்த திராட்சையும் மாதுளையும் கண்டதாகவும் எழுதுகிறார். 'பத்தன்' என்பது பட்டினம் என்னும் சொல்லே. நாகப்பட்டினம், தேவிபட்டினம், பெரியபட்டினம் என ஆய்வாளர் பலவாறு கருதினும் முடிவு ஏற்படவில்லை. பட்டினம் என முடியும் ஊர்கள் இத்துணை நிறைந்த கரையில், முன்னொட்டை விட்டுவிட்டு எழுதிய பயணி பின்வந்தோருக்கு வைத்த புதிர் அது!

தம் நூலின் வேறோரிடத்தில் வெற்றிலையைப் பற்றிப் பதூதா மனங்கனிந்து எழுதுகிறார். விருந்தினன் கையில் ஐந்து வெற்றிலை கொடுத்தால் உலகையே கொடுத்தது போல் இந்தியர் எண்ணுவர், பொன்னினும் வெள்ளியினும் அது மேலான மதிப்பு என்பது அவர் கூற்று. கையில் வைத்ததை அவர் புரிந்துகொண்டார். வைத்தவர் சொன்ன சொல் அவரைச் சேரவில்லை.

தரங்கம்பாடியில் ஒரு திண்ணைப் பள்ளி

1706 சூலை 9-ஆம் நாள், 'சோபியா எட்விக்' என்னும் தேனியக் கப்பலிலிருந்து இரு செருமானிய இளைஞர்கள் தரங்கம்பாடியில் இறங்கினர்: பர்த்தலோமேயு சீகன்பால்கு, என்ரிக் புளுட்சோ. மறுநாள் சீகன்பால்குவுக்கு 24 வயது நிறைந்தது. தேனிய மன்னர் நான்காம் பிரடெரிக் அவர்களைச் சமயப்பணிக்கு அனுப்பியிருந்தார்.

அந்த ஊர் அவர்களுக்கு முன்பே பல வருகைகளைக் கண்டது. பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில், 1305 அளவில், எழுந்த மாசிலாமணிநாதர் கோயில் அலையோரத்தில் நின்றது. கல்வெட்டு அவ்வூரைச் சடங்கன்பாடியான குலசேகரன்பட்டினம் என்கிறது; போலோ வந்தபோது ஆண்ட மன்னர்களுள் ஒருவர் அந்தக் குலசேகரர். 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் தேனியருக்கு இடம் கொடுத்தார். தான்சுபார்க் கோட்டை எழுந்தது. நாயக்கர் பொன்னேட்டில் அனுப்பிய ஓலை கோபன்கேகனில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

இளைஞர் இருவரும் கரையில் பெற்ற முதல் அனுபவம் தமிழரிடமிருந்து வந்ததன்று. தேனியத் தளபதி ஆசியுசு அவர்களைப் பல மணி நேரம் வெயிலில் காக்கவைத்து, பின்னர் வந்து கடிந்து பேசித் தெருவிலேயே விட்டுச் சென்றார். இரண்டே ஆண்டுகளில், 1708 நவம்பரில், அதே தளபதி சீகன்பால்குவைச் சிறையிலும் அடைத்தார்; நான்கு திங்கள் கழித்தே அவர் வெளிவந்தார்.

தரங்கம்பாடியில் ஐரோப்பியர் உள்ளூராருடன் பேசிய மொழி கொச்சைப் போர்த்துகீசியம். புளுட்சோ அதைக் கற்றார். சீகன்பால்கு தமிழை எடுத்துக்கொண்டார். இலக்கணமோ அகராதியோ கைக்குக் கிட்டவில்லை. எழுபது வயதான திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் வீட்டுக்கே மாணவர்களுடன் வந்து பள்ளி நடத்தச் செய்தார். பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் அகரம் எழுதினார். மண்ணில் அமர்வது மதிப்புக்குரியது என்று போலோவிடம் சொன்னவர்களின் வழியினர் இப்போது ஓர் ஐரோப்பியரையும் மண்ணில் அமர்த்தினர்! எழுத்துப் பழகியது, சொல்லின் பொருளை ஆசிரியரால் வேற்றுமொழியில் விளக்க இயலவில்லை. அப்போது துணையானவர் கம்பெனியின் பழைய துவிபாசி அழகப்பன். போர்த்துகீசியம், தேனியம், செருமன், தச்சு ஆகியவை அறிந்தவர்.

பின்னர் சீகன்பால்கு தம் நாளை வகுத்துக்கொண்ட முறை புலவர்களும் எண்ணிப்பார்க்கத்தக்கது. காலை ஏழு முதல் எட்டு வரை முன்கற்ற சொற்களை மீளச் சொல்லுதல். எட்டு முதல் நண்பகல் வரை இதுவரை படியாத சுவடிகளைப் படித்தல். உடன் ஒரு முதிய புலவரும் ஓர் எழுத்தரும் இருப்பர். பழக்கமில்லாத சொல் வந்தால் எழுத்தர் குறிப்பார். புலவர் பொருள் கூறுவார். உள்நாட்டு ஊர்களுக்குப் பல நாள் பயணமாக ஆளனுப்பி, இறந்துபோன அந்தணர்களின் மனைவியரிடமிருந்து சுவடிகளைக் குறைந்த விலைக்கு வாங்கினார். அப்பெண்டிர் எந்த வறுமையில் அவற்றை விற்றனரோ! அந்த வருத்தம் ஒருபுறமிருக்க, பல சுவடிகளின் பெயராவது நமக்குத் தெரிய அவ்விற்பனையே காரணம்.

1708-இல் அவர் தொகுத்த நூற்பட்டியலில் தமிழர்தம் சமய, இலக்கிய நூல்கள் மட்டும் 119. தொல்காப்பியம் உண்டு, திருக்குறள் உண்டு, சிவவாக்கியம் உண்டு. இசுலாமியத் தமிழ் நூல்களுக்குத் தனிப் பகுதி உண்டு; கடற்கரை ஊர்களில் மரக்காயரும் இலெப்பையும் தமிழில் எழுதிப் படித்துவந்ததை அது காட்டுகிறது. திருவள்ளுவரின் நூலை உரோமானிய அறிஞர் செனெக்காவின் எழுத்தோடு ஒப்பிடுகிறார். உ. வே. சாமிநாதையர் பிறப்பதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் நிகழ்ந்த செயல் இது.

முதல் எண்ணத்தை மாற்றிய மூன்று நூல்கள்

அதே 1708-இல் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் சீகன்பால்கு செருமானிய மொழியில் பெயர்த்தார். அப்பெயர்ப்பின் முன்னுரையில் ஐரோப்பியப் பயணிகளின் நூல்களில் எளிதில் காணக்கிடைக்காத ஒரு செய்தி உள்ளது. ஐரோப்பாவில் உள்ள கிறித்தவர்கள் பலரும் இந்நாட்டாரைக் காட்டுமிராண்டிகள் என்றே எண்ணுகின்றனர் என்று தொடங்கி, தாமும் முதலில் வந்தபோது இவர்தம் மொழிக்கு முறையான இலக்கணம் இருக்கும் என்றோ, இவர்தம் வாழ்வுக்கு ஒழுங்கான சட்டம் இருக்கும் என்றோ எண்ணவில்லை என ஒப்புகிறார். இவர்கள் செய்வனவற்றைக் கண்டு பலவகைத் தவறான கருத்துகளைக் கொண்டதாகவும், மொழி ஓரளவு கைவந்து இவர்களோடு பேசத் தொடங்கிய பின் அக்கற்பனைகள் ஒவ்வொன்றாக நீங்கியதாகவும், நூல்களைப் படித்தபோது இங்கே முறையாகக் கற்பிக்கப்படும் கலைகள் உண்டெனக் கண்டதாகவும் தொடர்கிறார். நல்லொழுக்கத்தில் இவர்களுள் பலர் கிறித்தவரை விஞ்சுவர் என்பதும் அவர் வாய்ச்சொல்.

போலோவும் பதூதாவும் கண்டதை எழுதினர். கண்டதிலிருந்து கொண்ட கருத்தைத் தாமே திரும்பப் பெற்றதாக அவர்கள் எழுதவில்லை. சீகன்பால்கு ஒன்றரை ஆண்டுத் தமிழ்க் கல்வியில் அதைச் செய்தார். அவர் பெயர்த்தவை பெருங்காப்பியங்கள் அல்ல. தம்மோடு மணலில் எழுதிய பிள்ளைகள் உரக்க ஓதிய சிறு நூல்கள். ஏழு வயதுப் பிள்ளை மனப்பாடம் செய்யும் நூலில் ஒரு சமுதாயம் தன் வழக்கங்களின் காரணத்தை எழுதி வைத்திருக்கும் என்பதை அவர் கண்டுகொண்டார். அதிராம்பட்டினத்துக்குப் பெயர் தந்தவர் என மரபு கூறும் அதிவீரராம பாண்டியர் இயற்றிய வெற்றிவேற்கையும் இவ்வகைத் திண்ணைப் பாடமே. நைடதம் பாடிய அரசர் பிள்ளைகளுக்கும் எழுதினார்!

சீகன்பால்குவை மிகையாகப் புகழ வேண்டியதில்லை. மக்களின் ஒழுக்கமும் கல்வியும் பற்றிய எண்ணத்தை மாற்றிக்கொண்ட அவர், அவர்தம் வழிபாட்டைப் பற்றிய எண்ணத்தைக் கடைசிவரை மாற்றவில்லை. சிவவாக்கியரை அவர் விரும்பியதும், உருவ வழிபாட்டைச் சாடிய பாடல்கள் தம் வாதத்துக்கு உதவின என்பதால்தான். அவர் வந்த வேலை அது. மேலும் அவர் கண்டது கடற்கரைத் துண்டு ஒன்றையே. 1709-இல் தமிழர் உடையில் தஞ்சாவூர் நோக்கிப் புறப்பட்டவர், மன்னர் சாகசியின் இசைவின்றி ஐரோப்பியர் நாட்டுக்குள் செல்லல் ஆகாது என்று எச்சரிக்கப்பட்டு எல்லையிலேயே திரும்பினார். காவிரி நாட்டின் வயல்களும் கோயில் நகரங்களும் அன்று அவருக்கு அடைபட்டே இருந்தன.

தமிழர் எழுதிய விடை

1712-க்கும் 1714-க்கும் இடையில் மற்றொரு முயற்சி நடந்தது. சீகன்பால்குவும் உடன்பணியாளர் கிரண்ட்லரும் தமிழர்களிடம் வினாக்களை எழுதி அனுப்பினர்; தமிழர்கள் ஓலையில் விடையெழுதினர். கடவுள், பிறப்பு, சடங்கு, திருமணம், மருத்துவம், கல்வி எனப் பல பொருள்கள் பற்றிய அக்கடிதங்கள் செருமானியத்தில் பெயர்க்கப்பட்டு ஆலே நகர அறிக்கைகளில் அச்சாயின. எழுதியோர் பெயர்கள் பெரும்பாலும் அச்சில் இல்லை. தமிழ் மூலங்களும் நமக்குக் கிடைக்கவில்லை.

வந்தவர்களைப் பற்றி இந்நாட்டார் கொண்ட எண்ணமும் இக்காலத்து எழுத்துகளில் வெளிப்படுகிறது. ஐரோப்பியர் பசுவைக் கொன்று தின்கின்றனர், குடித்துச் சண்டையிடுகின்றனர், நீராடித் தூய்மை பேணுவதில்லை. இப்படி வாழ்பவரின் சமயம் எப்படி உயர்ந்ததாகும் என்பது தமிழர் கேள்வி. இதுவும் கண்ணால் மட்டும் கண்ட முதல் எண்ணமே. தரங்கம்பாடிக் கோட்டைச் சிப்பாய்களைக் கொண்டு ஐரோப்பா முழுவதையும் அளந்தவர்களும், இடைத்துணியைக் கொண்டு தமிழ்நாட்டை அளந்தவர்களும் ஒரே தவற்றைச் செய்தனர். இவ்விருவருள் தமிழருக்கு மட்டும் ஒரு வாய்ப்பு இருந்தது: தம் எண்ணத்தைத் தம் மொழியிலேயே வந்தவரிடம் சொல்ல முடிந்தது; அதைப் படித்து எழுதிவைக்க ஒருவர் அங்கே இருந்தார்.

ஆனால் கடல் கடந்து போன செய்திகள் எல்லாம் அங்கே வரவேற்கப்படவில்லை. 1711-இல் தமிழர் சமய வாழ்வைப் பற்றிய பெருநூலையும், 1713-இல் தென்னாட்டுத் தெய்வங்களின் வரலாற்றையும் சீகன்பால்கு எழுதி அனுப்பினார். ஆலேயில் இருந்த பேராசிரியர் பிராங்கே அவற்றை அச்சிட மறுத்தார். அங்குள்ள புறச்சமயத்தை அகற்ற அனுப்பினோமேயன்றி அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்ப அனுப்பவில்லை என்பது அவர் நிலை. 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் தரங்கம்பாடி அச்சகத்திலிருந்து வெளிவந்தது. 1716-இல் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் இலத்தீனில் ஆலேயிலேயே அச்சேறியது. மொழி ஏற்றுக்கொள்ளப்பட்டது, மொழி காட்டிய வாழ்வு பூட்டி வைக்கப்பட்டது. 1719 பிப்ரவரி 23-இல், 37 வயது நிறையுமுன், சீகன்பால்கு தரங்கம்பாடியிலேயே இறந்தார். முந்திய ஆண்டு அவர் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயத்தில் அவர் கல்லறை உள்ளது.

தெய்வங்களின் வரலாறு 1867-இல் கெர்மான் என்பவரால் சென்னையில் முதன்முதலாக அச்சிடப்பட்டது. அதே 1867-இல்தான், வாங் தாயுவான் கண்டதாகக் கருதப்படும் நாகப்பட்டினக் கோபுரம், கடலோடிகளுக்கு நூற்றாண்டுகளாக அடையாளமாய் நின்றது, அரசின் இசைவுடன் இயேசு சபையாரால் இடிக்கப்பட்டது. 1711-இன் பெருநூல் இன்னும் காத்திருந்து 1926-இல் ஆம்சுடர்டாமில் காலண்டு என்னும் அறிஞரால் வெளிவந்தது. 119 சுவடிகள் அடங்கிய பட்டியலை வில் சுவீட்மனும் இரா. இலக்குவனும் ஆராய்ந்து, எந்தக் குறிப்பு எந்தத் தமிழ் நூலைச் சுட்டுகிறது என விளக்கி 2012-இல் பதிப்பித்தனர். தமிழர் எழுதிய விடைக் கடிதங்கள் 2013-இல் தானியேல் செயராசு, ரிச்சர்டு பாக்சு யங் ஆகிய இருவர் முயற்சியால் ஆங்கிலத்தில் வந்தன. முன்னூறு ஆண்டுகளுக்கு முன் நம் கடற்கரையில் ஓலையில் எழுதப்பட்ட அக்கடிதங்களை இன்று செருமானியத்திலும் ஆங்கிலத்திலும் படிக்கலாம். தமிழில் மீட்டு எழுதும் பணி தமிழ் வல்லார் கைக்குக் காத்திருக்கிறது.